53-ல் ஒரு கோடு

ஒரு ஆன்டிபாடி சோதனையில் விழுந்து, நான்கு மாதம் நான் நம்பிய ஒரு கோட்டைப் பற்றி எழுத வேண்டும். இதே வேலையில் இருக்கும் யாராவது ஒருவருக்காவது பயன்படும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆராய்ச்சி மாணவி நான். செரோடோனின் மூளை செல்களுக்கிடையே சேதி கொண்டுபோகும் வேதிப்பொருள்; அதை வாங்கிக்கொள்ளும் செல்லின் புரதம்தான் ஏற்பி. எலி மூளையில் அந்த ஏற்பி எங்கே, எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. செரோடோனினுக்குப் பதினான்கு வகை ஏற்பிகள் உண்டு. எனக்கு வேண்டியது 5-எச்டி2ஏ. 471 அமினோ அமிலம் கோத்த புரதம், கணக்குப்படி எடை சுமார் 53 கிலோடால்டன். பெருமூளையின் முன்பகுதிப் புறணியில், அதாவது மேலடுக்கில், நிறைய இருக்கும். சிறுமூளையில் மிகக் குறைவு.

இந்த ஏற்பியை மட்டும் தேடிப்போய் ஒட்ட வேண்டிய புரதம்தான் ஆன்டிபாடி. முயலில் உண்டாக்கியது, விமானத்தில் ஐஸோடு வந்தது. நூறு மைக்ரோலிட்டர், அதாவது இரண்டு சொட்டு. விலை பல ஆயிரம் ராண்ட். திரும்பத் திரும்ப உறைந்து உருகினால் கெட்டுவிடும் என்று பத்துச் சின்ன டியூபில் பிரித்து வைத்தேன். 2023-இன் தொடக்கம், கரண்ட் தினமும் போய்க்கொண்டிருந்த காலம். ஜெனரேட்டர் எடுக்கும் வரை ஃப்ரீசரைத் திறக்காமல் காவல் நிற்பேன்.

திசுவின் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேன் என்ற தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடுவதுதான் வெஸ்டர்ன் பிளாட். முதல் பிளாட்டிலேயே 53-ல் அழகான கோடு. எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அந்தக் கோட்டை அளந்து அளந்து ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன்.

அதைக் கேள்வி கேட்டவர் எங்கள் லேபின் மூத்த டெக்னீஷியன். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவர். பாட்டியிடம் கற்ற கொஞ்சம் தமிழ் உண்டு; மற்றதெல்லாம் ஆங்கிலம்தான். எல்லாருக்கும் அவர் ஆன்ட்டி. காவடிக்கு விரதம் இருந்த ஒரு நாள், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் என் மெம்பரேனைக் கையில் எடுத்தார்.

"இது எது கண்ணு?"

"சிறுமூளை, ஆன்ட்டி."

"இங்கேயும் இவ்வளவு கருப்பா?"

புறணிக்கும் சிறுமூளைக்கும் கோடு ஒரே கனத்தில் இருந்தது. நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். கண்ணில் படவே இல்லை.

சரி, சோதித்துவிடலாம் என்று இறங்கினோம். இந்த ஏற்பி இல்லை என்றே சொல்லக்கூடிய ஹெக் 293 என்ற, லேபில் வளர்க்கும் மனித செல்களை எடுத்து, பாதியில் ஏற்பியின் மரபணுவை நுழைத்தோம், நுனியில் ஃபிளாக் என்ற அடையாளத்தோடு. மறுபாதியில் வெறும் பிளாஸ்மிட், அதாவது மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம், ஏற்பியின் மரபணு இல்லாமல். வழக்கம்போல 95 டிகிரியில் கொதிக்க வைத்ததும் ஏற்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஜெல்லின் வாயிலேயே நின்றுவிட்டது. செல் சவ்வை ஏழு முறை ஊடுருவும் புரதம், எண்ணெய்த்தன்மை அதிகம். கொதிக்க வைக்கவே கூடாது. அப்புறம் 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்தோம்.

ஃபிளாக்கைப் பிடிக்கும் ஆன்டிபாடி, மரபணு நுழைந்த செல்லில் மட்டும் 53-க்கு மேலே அகலமான, கலங்கிய பட்டையைக் காட்டியது. ஏற்பியில் சர்க்கரை ஒட்டியிருப்பதால் அப்படித்தான் வரும். என் விலை உயர்ந்த ஆன்டிபாடி அந்தப் பட்டையைத் தொடவே இல்லை. இரண்டு செல்லிலும் அதே 53-ல், அதே மெல்லிய கோடு. அது வேறு ஏதோ ஒரு புரதம். எது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அன்று இரவு அழுதேன். எலிகளை நினைத்துத்தான் அதிகம்.

விற்றவர்களுக்குப் படங்களை அனுப்பினேன். அவர்கள் விளம்பரத்தில் போட்டிருந்த அதே படம் பதிலாக வந்தது: ஒரே வரிசை, முழு எலி மூளை, 53-ல் கோடு. எதிர்பார்த்த எடையில் கோடு விழுந்தால் அது ஆதாரம் ஆகாது. அந்தப் புரதம் இல்லாத திசுவில் கோடு மறைய வேண்டும். அப்படிப்பட்ட திசுவின் வரிசையை முதலில் கேளுங்கள். இல்லை என்றால் காசு கொடுக்காதீர்கள். இந்த வகை ஏற்பிகளுக்கான ஆன்டிபாடிகளில் ஏமாற்றுபவை ஏராளம்.

அத்தியாயத்தை அழித்துவிட்டு, ஏற்பியில் போய் ஒட்டும் கீட்டான்செரின் மருந்தை, டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றி, மூளைச் சீவல்கள் மேல் விட்டேன். மருந்து ஒட்டிய இடம் ஃபிலிமில் கருப்பாகப் பதிய வாரக்கணக்கில் ஆனது. கழுவியதும் ஆன்ட்டிதான் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்புறணி கருத்திருந்தது. சிறுமூளை வெளுப்பாக இருந்தது.