குன்னூர் ஈரமும் வூஃபர் ஃபோமும்: மாற்றுவோர் கவனத்துக்கு

பழைய ஸ்பீக்கரின் வூஃபரில், அதாவது பேஸ் தரும் பெரிய கோன் யூனிட்டில், பேஸ் போய் 'பர்ர்' என்று இரைந்தால் ஆம்ப் மேல் பழி போடாதீர்கள். முன்துணியைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள ஃபோம் ரிங்கைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று உதிர்ந்தால் குற்றவாளி அதுதான். பாலியூரித்தேன் ஃபோமை ஈரக்காற்றே அரித்துவிடும். பாட்டுப் போடாமல் மூடி வைத்திருந்தாலும் தப்பாது.

மலையிறங்கிக் கோவையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனால், எட்டிப் பார்த்துவிட்டு "காயில் போச்சு சார், செட்டாவே மாத்திடுங்க" என்றார். காயில் என்பது கோனை அசைக்கும் கம்பிச்சுருள்; அதைச் சோதிக்க மீட்டரைக் கையில்கூட எடுக்கவில்லை. 8 ஓம் வூஃபர் மீட்டரில் 6 ஓம் சுமாருக்குக் காட்டினால் காயில் அறுந்துபோகவில்லை. என்னுடையவை இரண்டுமே காட்டின. ரிங் மட்டும் போதும் என்றதும், "எட்டு இன்ச்தானே?" என்று ஒரு ஜோடியைத் தள்ளிவிட்டார். வீட்டில் வைத்துப் பார்த்தால் கோன் விளிம்பில் உட்காரவே இல்லை. எட்டு இன்ச் என்பது சட்டத்தின் அளவு, அவ்வளவுதான். கோனின் வெளிவிட்டம், ரிங்கின் உள்விட்டம், மேடான வளைவின் அகலம், சட்டத்தில் ஒட்டும் விளிம்பின் விட்டம்: இவை நான்கையும் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். ஈரத்துக்கு ரப்பர்தான் நல்லது என்பார்கள். உழைக்கும், உண்மைதான், ஆனால் எடை கூடி கோனின் அசைவே மாறிவிடும். ஃபோமுக்கென்று செய்த வூஃபருக்கு ஃபோமே போடுங்கள்.

பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துச் சுரண்டலாம். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் கோனைத் தின்றுவிடும்.

நடுவில் உள்ள மூடியை பிளேடால் அறுத்தெடுத்து, காயிலுக்குள் பழைய ஃபிலிம் நெகட்டிவைக் கீற்றுகளாக வெட்டிச் செருகினால் காயில் நடுவில் நிற்கும். முதலில் கோனில் ஒட்டுங்கள், காய்ந்தபின் சட்டத்தில். ரப்பர் சொல்யூஷன் பட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்தித் திருத்த இடம் தராது. வெள்ளைப் பசை தரும். கீழே ஒரு ராத்திரியில் காய்வது குன்னூர் ஐப்பசி மூட்டத்தில் இரண்டு நாள் இழுக்கும். அவசரப்பட்டுக் கீற்றை உருவினால் கோன் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். உருவியபின் இரண்டு கை விரல்களாலும் சமமாக அழுத்திப் பாருங்கள். 'சர்ர்' என்ற உரசல் கேட்கக் கூடாது. அப்புறம்தான் மூடியை ஒட்ட வேண்டும்.

பெட்டியைத் திறந்ததில் இன்னொரு கூத்தும் வெளிவந்தது. முன்பு சர்வீஸ் செய்த புண்ணியவான் கிராஸ்ஓவரில், அதாவது பேஸையும் மேல் ஒலியையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்டில், பிளஸ் மைனஸ் உள்ள சாதாரண 4.7 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை வைத்திருக்கிறார்! அங்கே ஓடுவது ஏசி. பிளஸ் மைனஸ் பார்க்காத கெப்பாசிட்டர்தான் வேண்டும். ஃபிலிம் வகை என்றால் வறண்டும் போகாது. இரண்டு பெட்டியிலும் சேர்த்தே மாற்றுங்கள்.

மூடுவதற்கு முன் 1.5 வோல்ட் பேட்டரியை வூஃபரில் பிளஸுக்கு பிளஸ் தொட்டு எடுங்கள். இரண்டு கோனும் ஒரே திசையில் நகர வேண்டும். எதிரெதிராக நகர்ந்தால் பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும்.

இப்போது தவிலின் தொப்பி அடி தனியாக விழுகிறது. மரத்தரை வீடுகளில் மட்டும் அது தரையோடு சேர்ந்து அதிரும். பெட்டிக்கடியில் கிரானைட் துண்டும் அதன்கீழ் ரப்பரும் வைத்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள்.