ரோட்டோர மாமரமும் லாரிப் புழுதியும்: ஒரு சீசன் கணக்கு

கிருஷ்ணகிரி பக்கம் அப்பா வைத்த மாந்தோப்பு ஒன்று இருக்கிறது. ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, அத்தனையும் பெங்களூரா ரக மா. எனக்கு ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விவசாயி. தோப்பின் மேற்கு ஓரம் மண் ரோடு, அதில் நாள் முழுக்க ஜல்லி ஏற்றிய டிப்பர்கள். ரோட்டோர வரிசையில் இருக்கும் 9 மரங்கள் இரண்டு வருடமாகவே மந்தம். இலை நடுநரம்பை ஒட்டிச் செம்பு நிறமாகி, வெளிறி, காலத்துக்கு முன்னாலேயே உதிர்ந்துவிடும். உள்வரிசை மரங்களுக்கும் அதே வயது, அதே தண்ணீர், அதே எருதான், ஆனால் அவற்றுக்கு ஒன்றுமில்லை.

புழுதிதான் காரணம், கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்று போன டிசம்பரில் இறங்கினேன். 3 மரங்களுக்கு வாரம் ஒருமுறை பவர் ஸ்பிரேயரில் வெறும் தண்ணீர். 3 மரங்களை அப்படியே விட்டுவிட்டேன். மிச்சம் 3 மரங்களைத் தொடவில்லை, அவற்றுக்கு எதிரே வேலியை ஒட்டி ரெயின் ஹோஸ் (மழை மாதிரி தண்ணீர் தூவும் துளைக் குழாய்) போட்டு, அம்மா தினமும் காலையில் அரை மணி நேரம் ரோட்டை நனைக்க ஏற்பாடு. காற்று அடித்தால் ஒரு மரத்துப் புழுதி அடுத்த மரத்துக்கும் போகும், அதனால் இதைச் சுத்தமான சோதனை என்று சொல்ல மாட்டேன்.

பக்கத்துத் தோப்பு அண்ணா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "மழை வந்தா தானா கழுவிட்டுப் போவுது, இதுக்குப் போயி டீசலக் கொளுத்தறியே" என்றார். மழை வருவது ஏப்ரலில்தான். அதுவரை பனி இருக்கிறதே! விடிகாலைப் பனியில் ஊறிய புழுதி வெயிலில் காய்ந்து இலையில் தோல் மாதிரி ஒட்டிக்கொள்கிறது, விரலால் தேய்த்தாலும் முழுசாக வராது. தத்துப்பூச்சி கழித்த தேன்பிசுக்கு இருக்கும் இலை என்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் நான் நினைத்தது, புழுதி இலைத்துளையை அடைத்துவிடுகிறது, மரம் மூச்சுவிட முடியாமல் திணறுகிறது என்று. அது பாதிதான் சரி. மாவிலைக்குத் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கின்றன, புழுதி உட்காருவதோ மேல்பக்கத்தில். மேல்பக்கத்துப் புழுதி வெளிச்சத்தை மறைக்கிறது, இலையைச் சூடாக்குகிறது. வெயிலில் வெந்துபோகாமல் இருக்க வெள்ளைக் கயோலின் களிமண்ணைக் கரைத்துப் பழமரங்களுக்கு வேண்டுமென்றே அடிப்பதும் உண்டு, ஆனால் அது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பொடி, மெல்லிய பூச்சு. என் மரங்களில் இருப்பது சாம்பல் நிறத்தில் கனத்த படலம்.

செம்பு நிறத்துக்குக் காரணம் பிப்ரவரியில்தான் பிடிபட்டது. ஒரு கிளைக்குக் கீழே வெள்ளைத்தாளை நீட்டி நாலு தட்டுத் தட்டினேன். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நடந்தன. நசுக்கினால் சிவப்புக் கோடு. சிலந்திப்பேன், சிலந்தி இனத்துப் பொடி உயிர்! இந்த வகை மாவிலையின் மேல்பக்கத்தில்தான் மெல்லிய நூலாம்படை கட்டிச் சாறு உறிஞ்சுகிறது, நூலாம்படை புழுதியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இதைத் தின்கிற இரைப்பேன்களுக்கும் குட்டிப் பொறிவண்டுகளுக்கும் புழுதி படிந்த இலையில் நடமாடி இரை தேடுவது கஷ்டம், சிலந்திப்பேனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஓர் இடத்தில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே இருக்கலாம். கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் தோட்டத்துப் பாதைகளுக்குத் தண்ணீர் அடிப்பது இதற்காகவும்தான்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் பூங்கொத்து வந்திருக்கும்போதும் அதே வேகத்தில் தண்ணீர் பீய்ச்சினேன். ஒரே மரத்தில் கை நிறைய பூ கீழே. ஈரம் தங்கினால் பூவில் நோய் வேறு வரும். அதோடு கழுவுவதை நிறுத்தி, பிஞ்சு கோலிக்குண்டு அளவு ஆனபின்தான் திரும்பத் தொடங்கினேன். முந்தின வருடம் யாரோ சொன்னார்கள் என்று பொதுவான பூச்சிமருந்து ஒன்றை அடித்ததும் தப்பு, அது பேனை விட்டுவிட்டுப் பேனைத் தின்கிற பூச்சிகளைக் கொன்றிருக்கும்.

மார்ச் கடைசியில் மரத்துக்கு 10 இலை பறித்து, லென்ஸ் வைத்துப் பேன் எண்ணினேன். சும்மா விட்ட 3 மரங்களில் எண்ணி மாளவில்லை. கழுவிய மரங்களில் நன்றாகவே குறைவு, ஆனால் கழுவி மூன்றாம் நாளே புதுப்புழுதி. ரோட்டை நனைத்த பக்கம்தான் ஆச்சரியம், இலையைத் தொடவே இல்லை, பேன் கழுவிய மரங்களில் இருந்த அளவுதான், தண்ணீரும் டீசலும் மிச்சம், பூவும் கொட்டவில்லை.

அப்புறம் ஒரு டிப்பர் ஓட்டுநரிடம் பேசினேன், நல்ல மனிதர். "மெதுவா போங்கன்னா யாரும் போகமாட்டாங்க, ஒரு மேடு போட்டுடலாம்ணா" என்று அவரே அரை லோடு கிரஷர் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார். தோப்பு தொடங்கும் இடத்தில் மேடு. லாரி அங்கே நின்று நகர்ந்து போகிறது, என் 9 மரங்களும் இந்த மாதம் பச்சையாகத் தெரிகின்றன. என் வரிசை முடிந்ததும் லாரி கியர் மாற்றி ஒரு மிதி மிதிக்கிறது. அந்த இடத்தில் இருப்பது அண்ணாவின் மரங்கள். போன ஞாயிறு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்த ரெயின் ஹோஸ் மீட்டர் என்ன விலை என்று கேட்டார்.