புளி யார் போட்டது?

"நாடகம் பார்த்தா சாப்பிட முடியாது, சாப்பிட்டா நாடகம் பார்க்க முடியாது." மெலட்டூர் பாகவத மேளாவை விடிய விடியப் பார்த்துப் பழகிய அத்தையின் தீர்ப்பு இது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு விடுதியில் இரண்டையும் சேர்த்தே நடத்துகிறார்கள் என்றேன். "யாரு காசுடா?" என்றார். என் காசு என்றதும் புடவை மாற்றப் போனார்.

ஆடி மாதம். கும்பகோணத்தில் பஸ் ஏறினோம். பாபநாசம், அய்யம்பேட்டை தாண்டும்வரை அத்தை வாய்க்கால்களில் தண்ணீர் போகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

விடுதி வாசலில் ஒரு தலைப்பாகைக்காரர் ஆளுக்கொரு துணிப்பட்டை கட்டிவிட்டார். மஞ்சள் கட்டிய அத்தை அரண்மனை உறவு. சிவப்பு கட்டிய நான் மடைப்பள்ளி ஆள். நம் யோகம் அப்படி.

கதை, தஞ்சாவூரில் எல்லாரும் சொல்லும் சாம்பார் பிறந்த கதைதான். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சகஜி (1684–1712) காலம். விருந்துக்கு சிவாஜியின் மகன் சம்பாஜி வருகிறார். மராட்டிய தேசத்திலிருந்து வரவேண்டிய கோகம் என்ற புளிப்புப் பழம் வந்து சேரவில்லை. யாரோ பருப்பில் புளியைக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். அது யார் என்று சாப்பிட வந்த நாம் கண்டுபிடிக்க வேண்டும். வரலாற்றில் இதற்குச் சான்று தேடக் கூடாது. ஆனால் சகஜி ஐந்து மொழிகள் கலந்த நாடகமே எழுதியவர், இந்தக் கூத்தைக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மெலட்டூரில் கோணங்கி என்ற கோமாளி முதலில் குதித்து வந்து ஆடிவிட்டுப் போய்விடுவான். இங்கே யாரும் போவதாக இல்லை. இலைக்கு இலை வந்து உட்காருகிறார்கள். எனக்குக் கூச்சத்தில் அப்பளம் தொண்டையில் நின்றது. தலைமைச் சமையற்காரராக நடித்த இளைஞர் அத்தையின் இலைமுன் குத்துக்காலிட்டு, "பெரியம்மா, நான் நிரபராதி. ராஜாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்று அழுதார்.

"அது இருக்கட்டும் தம்பி. இலையை யாரு போட்டது? நுனி வலப்பக்கம் கிடக்கு பாரு."

அவர் ஒரு கணம் முழித்தார். அப்புறம், "ஐயோ, இதுவும் சதி!" என்று அலறிக்கொண்டே, பரிமாறிய பொரியல் சிந்தாமல் இலையை இரண்டு கையாலும் அரைவட்டம் திருப்பினார். அன்றைய நடிப்பில் அதுதான் உச்சம் என்பேன்.

குறை ஒன்று உண்டு. சம்பாஜி வசனம் பேசி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது. சாம்பாரைக் கண்ணில் காட்டவில்லை. அத்தைதான் முதலில் "சாம்பார்!" என்று குரல் கொடுத்தார். பந்தி முழுக்கச் சேர்ந்துகொண்டது. "குடிகள் கொதிக்கிறார்கள் மந்திரி!" என்று ராஜா சமாளித்தார். குடிகள் கொதித்தார்கள், வந்த சாம்பார் கொதிக்கவில்லை.

கடைசியில் ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்தார்கள். சமையற்காரர், சரக்கறைக் கணக்கர், எடுபிடிப் பையன் என மூவருக்கும் மூன்று பித்தளைச் சொம்பு. குற்றவாளியின் சொம்பில் கொட்டையைப் போட வேண்டும். நான் எல்லாரையும் போலக் கணக்கர் சொம்பில் போட்டேன். அத்தை மூன்றையும் தாண்டி நடந்துபோய் ராஜாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"விருந்தாளியை அழைச்சுட்டு சாமான் இருக்கான்னு பார்க்காதவன்தான் குத்தவாளி."

ராஜாவிடம் அதற்கு வசனம் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் அத்தை நேராக டிபன் கடைக்கு நடந்தார். ஆளுக்கு இரண்டு இட்லி. பையன் கேட்காமலே வாளியைச் சாய்த்தான். ஆவி பறந்தது.