58 என்று போட்டிருந்தால் போதாது

ஜனவரி 5, 2025, ஞாயிறு

விடியும் முன்பே திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்குப் போய்விட்டேன். பனி, குளிர், கையில் போன மாசம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் 55-250 லென்ஸ், 55 மி.மீ.-இல் இருந்து 250 வரைக்கும் ஜூம் ஆகிறது. கூழைக்கடா நாலைந்து, நாமக்கோழி ஏராளம். நான் நின்ற கரைக்கு நேரெதிரே சூரியன் ஏறினான், அங்கிருந்துதான் தொல்லை. படத்துக்குள் சூரியன் இல்லை, ஓரத்தில்தான் எங்கோ இருந்தான், ஆனாலும் எல்லாப் படமும் மோர் ஊற்றிக் கழுவியது மாதிரி வெளுத்துப்போய் வந்தன. கறுப்பாக இருக்க வேண்டிய நாமக்கோழி சாம்பல் நிறம். ஒன்றில் பறவைக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு வட்டம் வேறு. லென்ஸை ஏமாந்து வாங்கிவிட்டோமோ என்று வயிற்றைக் கலக்கியது.

ஜனவரி 6, திங்கள்

அவிநாசியில் கல்யாணப் படம் எடுக்கிற அண்ணனுக்குப் படங்களை அனுப்பிவிட்டு, "ஏனுங்கண்ணா, லென்ஸுக்குள்ள பூஞ்சை கீது புடிச்சிருக்குங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "லென்ஸ் நல்லாத்தான் இருக்குது சாமி. ஹூட் எங்க?" ஹூட் இல்லை. விற்றவர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அது லென்ஸ் முகப்பில் அலங்காரத்துக்கு மாட்டுகிற வளையம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். படத்தில் விழாத வெளிச்சம்கூட முன்கண்ணாடியில் பட்டால் உள்ளே இருக்கிற கண்ணாடிகளுக்கு நடுவில் முட்டி மோதிப் படம் முழுக்கப் பரவிவிடுமாம். அதைத் தடுக்கிற தாழ்வாரம்தான் ஹூட். சூரியன் படத்துக்குள்ளேயே இருந்தால் எந்த ஹூட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

ராத்திரியே ஆர்டர் போட்டேன். லென்ஸ் முகப்பில் 58 என்று இருக்கிறது, கடைக்காரர் பக்கத்திலும் "55-250, 58 மி.மீ." என்று இருக்கிறது, 180 ரூபாய். வேறென்ன வேண்டும்?

ஜனவரி 11, சனி

வேறு நிறைய வேண்டுமாம். பார்சல் வந்தது, மாட்டினேன், ஏறவே இல்லை. திருப்பினேன், அமுக்கினேன், கொஞ்சம் கோபப்பட்டும் பார்த்தேன். ஹூட்டின் பக்கவாட்டில் ஈடி-60 என்று போட்டிருக்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்து துழாவியதில் விஷயம் புரிந்தது: 55-250 என்ற பேரில் கேனானிடம் ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ் உண்டு. பழைய ஐஎஸ் 2 வகைக்கு ஈடி-60. பின்னால் வந்த எஸ்டிஎம் வகைக்கு, அதாவது என்னுடையதற்கு, ஈடி-63. இரண்டுக்குமே ஃபில்டர் அளவு 58தான்! அந்த 58 ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன்னால் போடுகிற தனிக் கண்ணாடி, திருகுகிற மரையின் அளவு. ஹூட் உட்காருவதோ லென்ஸின் வெளி விளிம்பில் இருக்கிற பள்ளத்தில், அதற்கும் ஃபில்டர் மரைக்கும் சம்பந்தமே இல்லை. கேமராவோடு சேர்ந்து வந்த என் கிட் லென்ஸ் 18-55 எஸ்டிஎம்மும் 58தான், அதற்கு ஈடபிள்யூ-63சி என்று வேறொரு ஹூட். ஈடி என்றால் டெலி, தூரத்தை இழுக்கிற லென்ஸுக்கு; ஈடபிள்யூ என்றால் வைடு, அகலமாகப் பார்க்கிற லென்ஸுக்கு. பனியன் கம்பெனியில் ஒரு நாளைக்கு நூறு தடவை சைஸ் சார்ட் பார்க்கிறவன் நான், எனக்கே இந்தக் கதி. "எல்" என்று போட்ட டி-ஷர்ட் எல்லாம் ஒரே அளவு என்று நம்பிவிட்டேன்.

திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால் கூரியர் செலவு ஹூட் விலைக்கு வந்து நிற்கும் போல. விட்டுவிட்டேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. கம்பெனி லீவு. சரியான ஹூட்டை ஆர்டர் போட்டாயிற்று, பொங்கல் முடிந்துதான் வரும். அதுவரைக்கும் என்று டவுனில் ஒரு கடையில் ரப்பர் ஹூட் ஒன்று வாங்கினேன். இது ஃபில்டர் மரையிலேயே திருகுகிற சாதி, ஆகவே இதற்கு மட்டும் 58 பார்த்து வாங்கினால் போதும்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கலுக்கு காங்கேயம் பக்கம் அப்புச்சி ஊர். கொம்புக்குப் பெயிண்ட் அடித்து நிற்கிற காளையை 55-இல் எடுத்தால் படத்தின் நாலு மூலையும் இருட்டு. யு.வி. ஃபில்டரும் போட்டு அதற்கு மேலே ரப்பரை முழுசாக நீட்டி வைத்திருந்தேன், அதுதான் காரணம். ஃபில்டரைக் கழற்றி, ரப்பரை ஒரு மடிப்பு மடித்ததும் சரியானது. இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்திருக்க வேண்டும்: 55-இல் வைத்து, எஃப் 11 மாதிரி சின்ன துவாரத்தில் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் மூலை கறுக்கிறதா என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

காளை படம் ஒன்றே ஒன்றுதான் உருப்படி. அப்புச்சி அதைப் பார்த்துவிட்டு, "கொம்பு நல்லா உளுந்திருக்குது, திமிலக் காணோமே" என்றார். ஹூட் மேல் பழி போட முடியவில்லை.

ஜனவரி 22, புதன்

ஈடி-63 வந்தது. ஒரிஜினல் இல்லை, அதற்கு ஒத்த கம்பேட்டிபிள். ஒரிஜினல் விலை பல மடங்கு, வெறும் பிளாஸ்டிக் வளையத்துக்கு அவ்வளவு கொடுக்க மனசு வரவில்லை. வைத்துத் திருப்பினேன், டக். அந்தச் சத்தத்துக்கு இருநூறு ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். ஆட்டிப் பார்த்தால் மயிரிழை ஆட்டம் இருக்கிறது, கழன்று விழுகிற அளவு இல்லை. தலைகீழாகவும் மாட்ட முடிகிறது, பைக்குள் வைக்க அது முக்கியம்.

இரண்டு குறை. பழைய லென்ஸ் மூடி ஓரத்தில் அமுக்குகிற வகை, ஹூட் போட்டிருந்தால் விரல் போகவில்லை, நடுவில் கிள்ளி எடுக்கிற மூடி ஒன்று வாங்க வேண்டும். அப்புறம் ஹூட்டின் உட்புறம் மினுமினு என்றிருக்கிறது. வெளிச்சத்தைத் தடுக்க வந்ததே வெளிச்சத்தைத் தட்டி உள்ளே விட்டால் எப்படி? திருப்பூரில் துணிக்கா பஞ்சம்! கட்டிங் வேஸ்ட்டில் இருந்து கறுப்பு வெலூர் துணி ஒரு துண்டு எடுத்துவந்து அளவாக வெட்டி உள்ளே ஒட்டினேன். நூல் பிரியாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை ஊதிப் பார்த்தேன், ஒரு இழை கண்ணாடி மேல் வந்து உட்கார்ந்தால் அவ்வளவுதான்.

ஜனவரி 26, ஞாயிறு

மறுபடி அதே குளம், அதே கரை, அதே நேரம். ஹூட் போட்டு ஒன்று, கழற்றி ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தேன். சூரியன் நன்றாக ஒதுங்கி இருக்கும்போது வித்தியாசம் அப்பட்டம், நாமக்கோழி கறுப்பாகவே வந்தது. ஆனால் 250-இல் வைத்து சூரியனுக்குப் பக்கத்தில் குறி வைத்தால் ஹூட் இருந்தும் வெளுப்பு வருகிறது. முதலில் எரிச்சல்தான், அப்புறம் யோசித்தால் நியாயம். இந்த லென்ஸ் 55-இல் மூலைக்கு மூலை ஏறக்குறைய 28 டிகிரி பார்க்கிறது, 250-இல் வெறும் 6 டிகிரி சொச்சம். ஹூட்டோ ஒன்றுதான். 55-இல் மூலையை மறைக்கக் கூடாது என்று பார்த்து அளவு வைத்தால், 250-க்கு அது குட்டை. ஜூம் லென்ஸ் ஹூட்டுக்கு இந்தச் சங்கடம் தீராது. அப்படியான நேரத்தில் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி ஹூட்டுக்கு மேலே ஒரு கையால் பிடித்துக்கொண்டு எடுத்தேன், சுத்தமாக வந்தது. இன்னொரு கையால் கேமராவைப் பிடித்ததில் பாதிப் படம் ஆட்டம், அது வேறு.

பக்கத்தில் ஒரு தம்பி ஹூட்டைத் தலைகீழாகப் போட்டபடியே எடுத்துக்கொண்டிருந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று நினைப்பதற்குள் பறவை பறந்துவிட்டது.

பிப்ரவரி 1, சனி

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா தட்டுவடைக்கு மாவு தட்டிக்கொண்டிருக்கிறார், எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே வட்டம். பக்கத்தில் கழுவி வைத்த ஈடி-60. "மேசை மேல சும்மாதானே கிடந்துது கண்ணு, டம்ளரை விட இது வாட்டமா இருக்குது. இன்னொண்ணு இருந்தாக் குடு, அக்காளுக்கு." இன்னொன்று இருக்கிறது, அதை மட்டும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.