டியோரமா சுவரில் ஓதம், தெருவில் தூசி

நிஜக் காட்சி ஒன்றைச் சிறிய அளவில் செய்து வைக்கும் மாடல்தான் டியோரமா. அதில் 1/35 அளவில் செய்த சுவரில் 1 சென்டிமீட்டர் என்பது நிஜத்தில் 35 சென்டிமீட்டர். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும் சேறு சுவரில் ஏறுவது ஏறக்குறைய அந்த உயரத்துக்குத்தான். அடியிலிருந்து ஓதம் ஏறிய பழைய சுவரில் கறை ஒரு மீட்டர் வரைகூடப் போகும். மாடலில் அது 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் இந்த இரண்டு கோடுகளையும் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். வேலைப்பாடு அருமையாக இருந்தும் பல டியோரமாக்களில் கட்டடம் பொம்மையாகத் தெரிவதற்குக் காரணம், அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவில் படிந்திருப்பதுதான். நிஜத்தில் மழை வடியும் பாதை, கால் படும் இடம், வெயில் எட்டாத மூலை என்று அழுக்கு இடம் பார்த்துத்தான் உட்காரும். எந்தக் கறை எதனால் வந்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். எந்தப் பெயின்ட் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

பூசும் முன்

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த சுவரை முழுதாகக் காயவிட வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் அது வெளியேறும்போது வண்ணப் படலம் கொப்புளம் கட்டி உரியும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கிறதா, இன்னும் காயவில்லை. காய்ந்தபின் பி.வி.ஏ. பசை (மரவேலைக்கான வெள்ளைப் பசை) 1 பங்கு, தண்ணீர் 3 பங்கு கலந்து ஒரு கை பூசுங்கள். இதைச் செய்யாவிட்டால் பிளாஸ்டர் பிற்பாடு போடும் வாஷை (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த வண்ணத்தை) அங்கங்கே உறிஞ்சித் திட்டுத் திட்டாக்கிவிடும். அந்தத் திட்டை மீண்டும் எடுக்க முடியாது.

எக்ஸ்பிஎஸ் ஃபோமுக்கு (கெட்டியான பாலிஸ்டைரீன் நுரைப்பலகை) ஸ்பிரே ப்ரைமர், அதாவது வண்ணம் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு, ஆகவே ஆகாது. அதிலுள்ள கரைப்பான் ஃபோமை அரித்துக் குழியாக்கும். கறுப்பு அக்ரிலிக்கும் பி.வி.ஏ. பசையும் சம அளவில் கலந்து, தூரிகையால் இரண்டு கை பூசி, இடுக்கெல்லாம் மூடுங்கள். விடுபட்ட இடத்தில் பின்னால் வரும் எனாமல் வாஷும் உள்ளே புகுந்து வேலையைக் காட்டும். ரெசின் வார்ப்புகளில் அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய வழுவழுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினால்தான் ப்ரைமர் பிடிக்கும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் லேசரால் வெட்டிய துண்டுகளின் வெட்டுமுனை தண்ணீர் பட்டால் ஊதும். அங்கே லாக்கர் ப்ரைமர் இரண்டு கை அடித்து, நைசான உப்புத்தாளில் ஒருமுறை இழுத்துவிடுங்கள்.

அடுக்குகளின் வரிசை மாறக் கூடாது. அடியில் லாக்கர் அல்லது அக்ரிலிக், அதன்மேல் எனாமலும் ஆயில் பெயின்டும், கடைசியில் பிக்மென்ட் என்னும் உலர்ந்த வண்ணத்தூள். எனாமலையும் ஆயில் பெயின்டையும் கலக்கும் ஒயிட் ஸ்பிரிட் நன்கு காய்ந்த அக்ரிலிக்கைத் தொடாது, எனாமலைக் கரைக்கும். எனாமல் அடிவண்ணத்தின்மேல் எனாமல் வாஷ் போட்டுத் துடைத்தால் அடிவண்ணமும் சேர்ந்து வந்துவிடும்.

நிறத்தின் அடர்த்தியிலும் கவனம் வேண்டும். சிறிய பொருளில் நிஜ நிறத்தை அப்படியே போட்டால் கனத்துத் தெரியும். 1/35க்கு 7 சதவீதம், 1/72க்கு 15 சதவீதம் வெளிறவைப்பது மாடலர்களிடம் புழங்கும் கணக்கு. ஆனால் செங்கல் சிவப்பில் வெள்ளையைக் கலந்தால் ரோஸ் நிறமாகிவிடும். மணல் நிறத்தையோ மங்கலான காவியையோ கலந்து வெளிறவையுங்கள்.

செங்கல்

பிரிட்டிஷ் தர அளவுச் செங்கலின் முகம் 215 மில்லிமீட்டர் நீளம், 65 மில்லிமீட்டர் உயரம். 1/35இல் அது 6.1க்கு 1.9. இடையிலுள்ள 10 மில்லிமீட்டர் சாந்து வெறும் 0.3 மில்லிமீட்டர்தான். அந்த இடுக்கு பெயின்டால் அடைபட்டால் சுவரே போயிற்று. எனவே அடிவண்ணத்தை மெல்லிய கைகளாக, காற்றழுத்தத்தில் வண்ணம் தூவும் ஏர்பிரஷில் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடியுங்கள். தூரிகையில் பூசுவதானால் பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நிறத்தில் சுவர் முழுவதும் அடித்தபின் தனிச் செங்கல்களுக்கு நிறம் கொடுப்பதுதான் இந்த வேலையின் உயிர். அடிவண்ணத்தோடு நெருங்கிய மூன்று நான்கு சாயல்கள் போதும்: ஒன்றில் சற்றுக் காவி, ஒன்றில் சற்றுக் கருஞ்சிவப்பு, ஒன்றில் சூளையில் அதிகம் வெந்ததுபோல் ஊதா கலந்த பழுப்பு. நூறு செங்கலுக்குப் பதினைந்து இருபதுக்குமேல் மாற்ற வேண்டாம். இரண்டு அடுத்தடுத்து வரட்டும், பிறகு ஐந்தாறு வரி விட்டு ஒன்று. சீரான இடைவெளியில் வைத்தால் சதுரங்கப் பலகைபோல் ஆகிவிடும். கை நடுங்கினால் கலர் பென்சில் நல்ல மாற்று. மேட் பரப்பில் நன்றாகப் பிடிக்கும், பிழையானால் ஈரத் துணியில் தேய்த்து மங்கவைக்கலாம்.

சாந்துக்கு எனக்குப் பிடித்தது உலர்முறை. முதலில் மேட் வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். பட்டி பார்க்கும் பவுடரில் சாம்பல் நிறப் பிக்மென்டைச் சிட்டிகை கலந்து, சுவரைப் படுக்கவைத்து உள்ளங்கையால் தேய்த்து இடுக்குகளில் நிரப்புங்கள். செங்கலின் முகத்தை உலர்ந்த துணி சுற்றிய விரலால் வழித்துவிட்டு, சோப்பு ஒரு சொட்டுக் கலந்த தண்ணீரைப் பனிபோல் தெளியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் முத்துமுத்தாகத் திரண்டு பவுடரைக் குழிபறிக்கும். தெளிப்பான் 30 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும். காய்ந்தபின் செங்கலின்மேல் வெள்ளைப் படலம் தங்கியிருந்தால் ஈரப் பஞ்சுக் குச்சியை உருட்டி எடுங்கள். தேய்த்தால் இடுக்கிலுள்ளதும் வரும்.

பூச்சுச் சுவரும் பெயர்ந்த காரையும்

காரை பெயர்ந்த இடத்தில் செங்கல் தெரிவது எல்லோருக்கும் பிடித்த காட்சி. அது எங்கே பெயரும் என்று யோசிக்காமல் நடுச்சுவரில் ஓட்டை போடுவதுதான் தவறு. ஓதம் ஏறும் அடிப்பகுதி, மழைநீர்க் குழாய் கசியும் ஓரம், ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பும் விரிசல், வண்டி உரசும் முனை ஆகிய இடங்களில்தான் காரை முதலில் விடும். பெயர்ந்த விளிம்பு கூர்மையாக, அடியில் சிறிய நிழலோடு இருக்க வேண்டும். கத்தி நுனியால் விளிம்பின் உட்புறத்தை லேசாகச் சுரண்டி எடுத்தால் அந்த நிழல் தானாக வரும். உடைந்த விளிம்பில் சுவரின் வண்ணம் இருக்காது, வண்ணம் படாத சாந்தின் சாம்பல்தான் தெரியும். மெல்லிய தூரிகையால் அந்த 0.5 மில்லிமீட்டர் கோட்டை இழுக்கத் தவறாதீர்கள்.

மேல்வண்ணம் பொருக்குத் தட்டி உதிர்ந்த சுவருக்கும் கதவுக்கும் ஹேர்ஸ்பிரே முறை. அடிவண்ணத்தை லாக்கர் வார்னிஷால் பூட்டுங்கள். ஹேர்ஸ்பிரே இரண்டு மெல்லிய கை அடித்து 20 நிமிடம் விடுங்கள். அதன்மேல் அக்ரிலிக் மேல்வண்ணம் ஒரே ஒரு மெல்லிய கை. கலக்கத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். லாக்கர் தின்னரில் கலந்தால் பெயின்ட் ஹேர்ஸ்பிரேயை ஊடுருவி அடியில் பிடித்துக்கொள்ளும், பிறகு எதுவும் உதிராது. தொட்டால் ஒட்டாத பதம் வந்தபின், ஒரு மணி நேரத்துக்குள், வெதுவெதுப்பான தண்ணீரைத் தடவி ஒரு நிமிடம் ஊறவிட்டு, மயிர் கத்தரித்த குட்டைத் தூரிகையால் குத்திக் குத்தி எடுங்கள். டமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப் வரிசை போன்ற ஆல்கஹால் கலந்த அக்ரிலிக் பொடிப் பொடியாக உதிரும். வலேஹோ போன்றவை ரப்பர்த் தோல்போல் துண்டு துண்டாகக் கிழியும். சுவர்ப் பெயின்ட் உரிவதற்கு அதுவும் பொருத்தமே, இரும்புக் கதவுக்குப் பொருந்தாது. வேண்டிய அளவு எடுத்ததும் நிறுத்தி, காயவைத்து, உடனே வார்னிஷ் அடித்துப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்து ஈரம் படும்போதெல்லாம் தொடர்ந்து உதிரும்.

மழை வடிந்த கோடுகளுக்கு ஆயில் பெயின்டைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை. டியூபிலிருந்து பிதுக்கியதை அட்டைத் துண்டில் அரை மணி நேரம் வைத்து எண்ணெயை உறிஞ்சவிடுங்கள். எண்ணெயோடு பூசினால் பளபளக்கும், காயவும் நாளாகும். ஜன்னல் விளிம்பின் இரண்டு முனைகளிலும், சன்ஷேடுக்குக் கீழும் குண்டூசித் தலை அளவு புள்ளி வைத்து, ஒயிட் ஸ்பிரிட்டில் தோய்த்துத் துணியில் ஒற்றியெடுத்த தட்டைத் தூரிகையால் நேர் கீழாக இழுங்கள். தூரிகை ஈரமாக இருந்தால் புள்ளி கரைந்து மறையும், வறண்டிருந்தால் கீறும். ஜன்னலின் நடுவைவிட இரு ஓரங்களில் கோடு நீளமாக இருக்கும், ஏனென்றால் விளிம்பில் தேங்கும் தண்ணீர் பெரும்பாலும் ஓரம் வழியாகத்தான் வழிகிறது.

துருக் கறைக்கு இரும்பு வேண்டும். கீல், கம்பி நட்ட இடம், குழாயைப் பிடிக்கும் கிளாம்ப். மூலத்தில் பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) அடர்த்தியாக, கீழே போகப்போகப் பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு) மெலிந்து மறைய வேண்டும். பளீர் ஆரஞ்சு புதிய துரு. அதை ஊசிமுனை அளவில் ஒன்றிரண்டு இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஓதக் கோட்டின் மேல்விளிம்பில் உப்புப் பூப்பதைக் காட்ட வெள்ளைப் பிக்மென்டை உலர்ந்த தூரிகையால் ஒற்றலாம். பாசிக்கு டியூப் பச்சையை அப்படியே எடுக்க வேண்டாம்; பழுப்புக் கலந்த கரும்பச்சை, அதன் நடுவில் சிறிது மஞ்சள் பச்சை. கூரை ஓடுகளுக்குச் செங்கல் முறையே போதும், கூடுதலாகக் கடற்பஞ்சுத் துணுக்கால் வெளிர் சாம்பல் புள்ளிகள்.

ட்ரை பிரஷ், அதாவது வண்ணத்தைத் துடைத்தெடுத்த தூரிகையால் மேலோட்டமாக உரசும் முறை பற்றி ஒரு வார்த்தை. மேடுகளை எடுத்துக்காட்ட அது உதவும், ஆனால் சுவர் முழுவதும் தேய்த்தால் சுண்ணாம்புத் தூள் அப்பியதுபோல் ஆகிவிடும். உடைந்த விளிம்பு, கல்லின் முனை இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தெரு

தார்ச் சாலையைக் கறுப்பாக அடிப்பது மிகப் பரவலான பிழை. புதிதாகப் போட்ட சாலையில் தார்ப் படலம் கல்லை மூடியிருப்பதால் கறுப்பாகத் தெரியும். வண்டிகள் ஓடி அந்தப் படலம் தேய்ந்ததும் உள்ளிருக்கும் ஜல்லி வெளிப்பட்டுச் சாம்பலாகிவிடும். நடுத்தரச் சாம்பலில் சிறிது மணல் நிறம் கலந்து தொடங்குங்கள். பரப்புக்கு 1/35இல் 120 முதல் 180 எண் உப்புத்தாள், 1/72இல் 240க்கு மேல். அதைவிடச் சொரசொரப்பானது சரளைப் பாதைபோல் தெரியும்.

சாலைக்கும் அதன் போக்குவரத்தின் வரலாறு உண்டு. சக்கரங்கள் ஓடும் இரு தடங்கள் தேய்ந்து வழவழப்பாக, அவற்றின் நடுவே எஞ்சின் எண்ணெய் சொட்டிய மங்கலான கருங்கோடு, ஓரக்கல்லை ஒட்டித் தூசியின் வெளிர்பட்டை. ஒட்டுப்போட்ட இடங்கள் நேர்க்கோட்டில் வெட்டிய விளிம்போடு கொஞ்சம் கறுத்திருக்கும். டேப் ஒட்டி மறைத்து அடியுங்கள். விரிசலைக் கத்தியால் கீறி, அடர் பழுப்பு வாஷை விரிசலுக்குள் மட்டும் ஓடவிடுங்கள். பாதாளச் சாக்கடை மூடியின் மேடுகளில் 4பி பென்சிலைத் தேய்த்தால் கால்பட்டு மின்னும் இரும்பு கிடைக்கும்.

கல் பாவிய தெருவில் 10 சென்டிமீட்டர்க் கல் 1/35இல் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. செங்கலைப்போலவே தனிக் கற்களுக்குச் சாயல் கொடுத்து, இடுக்கில் நைஸ் மணலும் மண் நிறப் பிக்மென்டும் நிரப்புங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத ஓரத்து இடுக்குகளில் மட்டும் பச்சை. நடைபாதை ஓரக்கல் 12 சென்டிமீட்டர் உயரம் என்றால் மாடலில் 3.5 மில்லிமீட்டர், டயர் உரசிய கருந்தீற்றல் ஒன்றிரண்டு அதன் பக்கவாட்டில் அழகாக அமரும்.

கட்டடம் தெருவைச் சந்திக்கும் கோடு இனி. அங்கே தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் வீடு தரையில் வைத்த பெட்டியாகிவிடும். நைஸ் மணல், பட்டிப் பவுடர், பி.வி.ஏ. பசை குழைத்து அடைத்துவிட்டு, தெருவுக்குப் போட்ட அதே பிக்மென்டைத்தான் சுவரின் அடியிலும் ஏற்ற வேண்டும். தெரு செம்மண்ணாகவும் சுவரில் தெறித்த சேறு சாம்பலாகவும் இருந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். இடிபாடு இருந்தால் அதன் தூளும் இடிந்த சுவரின் நிறத்திலேயே இருக்கட்டும். தெறிப்புக்கு, கரைத்த பிக்மென்டில் தோய்த்த தூரிகையைக் குச்சியில் தட்டுங்கள். முன்னதாக ஒரு தாளில் தட்டித் துளியின் அளவைப் பாருங்கள், மாடலில் 1 மில்லிமீட்டர் துளி நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர்!

பிக்மென்டைப் பதிக்க, ஒயிட் ஸ்பிரிட் தோய்ந்த தூரிகையை ஓரத்தில் தொட்டுத் தானாகப் பரவவிடுங்கள். அழுத்திப் பூசினால் கோடு விழும். அதிகமானால் காய்ந்தபின் அலைக்கோடு நிற்கும். ஈரத்தில் கறுத்துத் தெரிவதைப் பார்த்துப் பயந்து மேலும் கொட்டாதீர்கள், ஒரு மணி நேரத்தில் வெளிறிவிடும். இதன்மேல் மேட் வார்னிஷ் அடித்தால் தூசி பாதிக்குமேல் காணாமல் போகும், அதனால் மேட் வார்னிஷ் வேலை எல்லாம் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தூளைக் கையாளும்போது முகக்கவசம், ஒயிட் ஸ்பிரிட் திறந்திருக்கும்போது ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

தேங்கிய மழைநீருக்கு இரண்டு பாக எபாக்சிப் பிசினை டப்பாவில் சொன்ன விகிதத்தில் மெதுவாகக் கலந்து, 1 மில்லிமீட்டர் கனத்தில் ஊற்றுங்கள். பள்ளத்தின் அடியை முதலில் பி.வி.ஏ.யால் அடைக்காவிட்டால் இரவோடு இரவாகப் பலகைக்குள் இறங்கிவிடும். குட்டையைச் சுற்றி அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு சாட்டின் (அரைப் பளபளப்பு) வார்னிஷும் சற்றுக் கருத்த மண்ணும் வைத்தால்தான் ஈரம் ஈரமாகத் தெரியும்.

ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றுக்கும் பிறகு. 0.2 மில்லிமீட்டர் தெளிவான அசிடேட் தாளை வெட்டி, உட்புறத்திலிருந்து பி.வி.ஏ. பசையால் ஒட்டுங்கள். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியை வெண்படலமாக மூடிவிடும், மேட் வார்னிஷின் தூவலும் அப்படியே. மூலைகளில் தெருத் தூசியைத் துளி ஒற்றி, நடுவில் விரலால் ஒரு வட்டம் துடைத்துவிடுங்கள்.