மைசூரு போய்ப் பூரிக்கட்டை வாங்கி வந்த கதை

எங்கள் வீட்டு மொட்டை மாடி ஷெட்டில் 3 இழைப்புளி, 11 உளி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்னக் கடைசல் மெஷின் ஒன்று, எல்லாம் இருக்கிறது. நான் தச்சன் இல்லை. வாரத்தில் 5 நாள் கணக்கு எழுதுகிறவன், சனி ஞாயிறு மட்டும் மரத்தூளில் குளிப்பவன். 2 வருடமாக மனைவி என்னிடம் கேட்ட ஒரே சாமான் ஒரு பூரிக்கட்டை. "நல்ல கட்டை கிடைக்கட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன வாரம் கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் அவள் அதை 180 ரூபாய்க்கு, என் கண் முன்னாலேயே, பேரம் கூடப் பேசாமல் வாங்கிவிட்டாள். வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மொத்தம் 3 நாள், 4 பேர் (நான், மனைவி, 9 வயது மகள், அத்தை), பட்ஜெட் 15,000. கிளம்பும் முன் வீட்டில் போட்ட ஒரே நிபந்தனை: "ஏங்க, இது ஃபேமிலி ட்ரிப். எங்கேயும் மரத்தைத் தட்டிப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது." தலையாட்டினேன்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சத்தியமங்கலம் தாண்டி திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. எங்களுக்குக் கிடைத்தது கடைசி சீட். அந்த சீட்டின் அடிப்பலகை ஒரு பிளைவுட் துண்டு, அதை நிறுத்த வேண்டிய 4 ஸ்க்ரூவில் 2 இல்லை. ஒவ்வொரு வளைவிலும் பலகை ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். மகள் 14-ஆவது வளைவில் வாந்தி எடுத்தாள். என் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது, ஸ்க்ரூ இல்லை. டிரைவர் சீட்டுக்கு மட்டும் குஷன் பிரமாதமாக இருந்தது. அதற்கு மேல் சாம்ராஜ்நகர் வரை என்ன பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

மைசூரில் இறங்கியதும் ஆட்டோ. "100 ரூபாய், 3 இடம் காட்டுறேன் சார்" என்று தமிழிலேயே பேசினார். இவ்வளவு மலிவாக யாராவது வண்டி ஓட்டினால், காசு வேறு எங்கிருந்தோ வருகிறது என்று கணக்கு எழுதுகிற எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? முதல் இடம் அரண்மனை இல்லை, ஒரு கடை. ஊதுபத்தி, பட்டு, கண்ணாடி அலமாரியில் "அசல் சந்தன மர" யானை, 650 ரூபாய். அத்தை சாமி அறைக்கு என்று கையில் எடுத்துவிட்டார்.

கிலோ 10,000-க்கு மேல் போகிற மரத்தில் உள்ளங்கை அளவு யானை 650-க்கு எப்படி வரும்? வாங்கிப் பார்த்தேன். எடை இல்லை. சந்தனத்தின் வாசம் வைரக் கட்டைக்குள் இருப்பது, வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு வாசமே கிடையாது. இந்த யானையோ மேலெல்லாம் கமகமக்கிறது. அடிப்பாகத்தை நகத்தால் லேசாகச் சுரண்டி மோந்தேன். சுரண்டிய இடத்தில் வெறும் மரத்தூள் வாடைதான். மேலே தடவிய எண்ணெய்தான் மணத்திருக்கிறது. கடைக்காரர் முகம் மாறியது, மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம். ஆட்டோக்காரருக்கு கமிஷன் போன கோபம், அரண்மனை வாசலில் 300 கேட்டார். தகராறு செய்து 200 கொடுத்தேன். 650 மிச்சம், 100 நஷ்டம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அரண்மனை அழகுதான், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் எனக்கு அங்கே ஒரு வருத்தம். இதற்கு முன் அதே இடத்தில் இருந்தது மர அரண்மனை. 1897-இல் இளவரசி கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோயிற்று. பிறகு கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் வரைபடத்தில் 1912-இல் முடிந்ததுதான் இப்போது நாம் பார்ப்பது. ஒருமுறை கை சுட்டவர்கள் அல்லவா, கல்யாண மண்டபத் தூண்களை வார்ப்பிரும்பில், அதுவும் கிளாஸ்கோவிலிருந்து வரவழைத்துவிட்டார்கள். எல்லோரும் கூரையின் வண்ணக் கண்ணாடியை அண்ணாந்து பார்க்க, நான் அம்பா விலாச மண்டபத்து ஈட்டி மரக் கதவின் முன் நின்றேன். கருத்த மரத்தில் தந்தம் பதித்த வேலை. மரத்துக்கும் தந்தத்துக்கும் நடுவே ஒரு முடி நுழையாது. நான் பதித்த நகைப் பெட்டியின் இடுக்கில் ஃபெவிகாலும் மரத்தூளும் சேர்த்து அடைத்தது ஞாபகம் வந்து சீக்கிரமே நகர்ந்துவிட்டேன். ஞாயிறு இரவு 7 மணிக்கு விளக்குகளைப் போடுகிறார்கள், கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு. காசு கிடையாது. அதைத் தவறவிடாதீர்கள்.

மறுநாள் ஸ்ரீரங்கப்பட்டணம். திப்பு 1784-இல் கட்டிய தரியா தௌலத், தேக்கு மாளிகை. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை. சுவரில் நம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர்ப் போர், ஆங்கிலேயர் உதை வாங்குகிற ஓவியம். நான் தூணைப் பார்த்தேன். தட்டவில்லை, நிபந்தனை இருக்கிறதே! ஆனால் அவ்வளவு நல்ல தேக்கின் ரேகை ஒன்றுகூடத் தெரியாதபடி மேலே முழுக்க வண்ணம் பூசியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ரசனை அது, நான் யார் கேட்க.

மூன்றாம் நாள் ரயிலேறினோம். மத்தூர் தாண்டியதும் சென்னபட்டணம். மத்தூர் வந்ததும் வடைக்காரர்கள் பெட்டிக்குள் ஏறிவிடுகிறார்கள். நம் ஊர் வடை என்று நினைத்துவிடாதீர்கள். தட்டை போல அகலம், வெங்காயம் தூக்கலாக, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் கொஞ்சம் மெத்தென்று. முதலில் 4 வாங்கினோம். அத்தை "எண்ணெய் ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதை எடுத்தார். அப்புறம் இன்னும் 6. இந்தப் பயணத்தில் செலவு செய்ததற்கு நான் வருத்தப்படாத ஒரே இடம் அந்த ரயில் பெட்டிதான்.

சென்னபட்டணத்தைக் கன்னடத்தில் பொம்மைகளின் ஊர் என்கிறார்கள். மகள் பொம்மை கேட்டாள், நான் நல்ல பிள்ளையாக "சரி, அவளுக்காகப் போகலாம்" என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஒரு சந்துக்குள், 10-க்கு 12 அறையில் 3 கடைசல் மெஷின். பெரியவர் ஒருவர் கன்னடமும் உருதும் கொஞ்சம் தமிழுமாகப் பேசினார். பம்பரம் கடைய வெள்ளை வெளேரென்று ஒரு கட்டையை எடுத்தார். தந்தம் மாதிரி, ரேகையே கண்ணுக்குத் தெரியாத நெருக்கம். அவர்கள் அதை ஆலே மரம் என்கிறார்கள். விசாரித்தால் நம் வெட்பாலை! அதன் இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, ஊதா நிறத் தைலம் எடுத்து அத்தை பாட்டில் பாட்டிலாக வைத்திருக்கிறார். அதன் கட்டையை நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

கட்டையைச் சுத்தியலால் ஒரே தட்டு, மெஷினின் கிண்ணத்துக்குள் இறுகி நின்றது. ஸ்விட்ச் போட்டார். உளி பட்டதும் சீவல் ரிப்பனாகப் பறந்து என் சட்டையில் விழுந்தது. அளவுகோல் இல்லை, காலிப்பர் இல்லை, கண்ணளவுதான். உப்புத்தாள் ஒரு இழுப்பு. அடுத்து சிவப்பு அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினார். உரசுகிற சூட்டில் அரக்கு வெண்ணெயாக உருகி மரத்தில் ஏறியது. அப்போது மேலெல்லாம் கோடு கோடாக, திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. பிறகு காய்ந்த தாழை மடலை மடித்து அழுத்தி, இடமிருந்து வலமாக ஒருமுறை நகர்த்தினார். கோடெல்லாம் கரைந்து கண்ணாடி! கடைசியாக உளி முனையால் ஒரு வெட்டு, பம்பரம் அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. 2 நிமிஷம் இருக்கும். நான் ஒரு பம்பரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்பவன்.

"பச்சைக் கட்டை கடைஞ்சா வெடிக்கும் சார், மாசக்கணக்கில் காயணும்" என்றார். அதற்குள் மதியக் கரண்ட் போய்விட்டது. நான் கெஞ்சி 2 துண்டு வெட்பாலையும், 1 மஞ்சள், 1 சிவப்பு அரக்குக் குச்சியும் வாங்கிப் பணம் கொடுத்துத் திரும்பினால், பக்கத்துக் கடையில் மனைவி கையில் பூரிக்கட்டை. "இது இப்பவே கிடைக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான்.

மொத்தச் செலவு 16,400. விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், அரக்குக் கணக்கு அதில் வருவதால் வேண்டாம்.

வந்த சனிக்கிழமையே மாடிக்கு ஏறினேன். பம்பரம் வடிவம் ஒருவழியாக வந்தது. அரக்குதான் உருகவில்லை. என் மெஷினின் வேகம் போதாது. பெல்ட்டைச் சின்ன கப்பிக்கு மாற்றி அழுத்தினேன். இந்த முறை உருகியது, உருண்டை உருண்டையாக, ஒரு பக்கம் மட்டும். தாழை மடல் கைவசம் இல்லாததால் தென்னோலையை மடித்து வைத்தேன், அது கோடு போட்டது. அத்தை கீழேயிருந்தே, "குளத்துக்கரையில் தாழம்புதர் இருக்கே" என்றார். ஓரத்து முள் கிழித்து இரண்டு விரலில் பிளாஸ்டருடன்தான் இதை டைப் அடிக்கிறேன். மடல் மாடியில் காய்கிறது. கீழே பூரி வாசம் வருகிறது, 180 ரூபாய்க் கட்டை வேலை செய்துகொண்டிருக்கிறது.