விருப்ப வரிசையை நிரப்ப முதல்: வன்னியில் இருந்து பல்கலைக்கழகம் போகிற தம்பி, தங்கைகளுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் எங்கள் வீடுகளில் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். "இசட் எவ்வளவு?" "எஞ்சினியரிங் கிடைக்குமோ?" இசட் என்பது பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி. எஞ்சினியரிங் கிடைக்காது என்று தெரிந்துவிட்டால், மிச்சம் எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பு வந்துவிடும். யாரோ ஒரு அண்ணா போன வருடம் விண்ணப்பத்தில் போட்ட பாடநெறி விருப்ப வரிசையை வாங்கி, அதையே கொஞ்சம் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். மூன்று, நான்கு வருடம் எதற்குள் இருக்கப் போகிறோம் என்பது அரை மணித்தியாலத்தில் முடிவாகிவிடுகிறது. அந்த முடிவுக்கு இரண்டு கிழமையாவது கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் படித்து, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகர, கிராமியத் திட்டமிடல் முடித்தவன். என்னோடு பாடசாலையில் படித்தவர்களில் ஒருவன் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்தான். இன்னும் சிலர் வவுனியா பம்பைமடுவில் பிரயோக விஞ்ஞானமும் வணிகமும் படித்தார்கள். லீவில் சந்தித்தால் கதை எல்லாம் அவரவர் பாடநெறியைப் பற்றித்தான். கீழே எழுதியிருப்பதில் பாதி அப்படிக் கேட்டுக்கேட்டு விளங்கியது.

முதலில் வரிசை. அதிக வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான குறைந்த இசட் புள்ளி) உள்ள பாடநெறியை மேலே போட்டால், கீழே போட்டது கையை விட்டுப் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. உங்கள் வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் இசட் புள்ளி எட்டுகிற முதலாவது பாடநெறியைத்தான் தருவார்கள். முதலாவது கிடைக்காததால் இரண்டாவதில் உங்கள் இடம் குறையாது. ஆகவே உண்மையாக எது வேண்டுமோ அதை மேலே போடுங்கள். போன வருட வெட்டுப்புள்ளியை ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், அது வருடத்துக்கு வருடம் மாறும். ஒருநாளும் போய்ப் படிக்க மாட்டேன் என்று நினைக்கிற பாடநெறியை, கோடு நிரப்புவதற்காகப் போட வேண்டாம். அது கிடைத்து, பதிந்தும் விட்டால், பிறகு வெளியே வருகிற வழி மிகவும் ஒடுங்கியது. அனுமதியை நடத்துகிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பதிவு பற்றிய பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். கட்டடக்கலை, ஆடை வடிவமைப்பு போன்ற சிலவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை இருக்கிறது. அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த அறிவித்தல் வந்ததே தெரியாமல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் விட்டுவிடுவது எனக்கு மிகவும் கவலையான விஷயம்.

கோட்டா பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கியதாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. "நீ கோட்டாவில் வந்தவன்" என்று யாராவது சொன்னால் தலை குனிய ஒரு காரணமும் இல்லை. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்து எடுத்த புள்ளியையும், பெரிய நகரத்தில் மூன்று ரியூசனுக்குப் போய் எடுத்த புள்ளியையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயம் இல்லை. உள்ளே போன பிறகு வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த வினாத்தாளில் எங்கள் பிள்ளைகள் முதல் வகுப்பு எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி பாடநெறிகளுக்கு வருவோம். திட்டமிடலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் வன்னியில் யாரும் சொல்வதில்லை. இது கணிதப் பிரிவுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். புவியியல், பொருளியல் போன்ற பாடங்களோடு வருகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. எந்தச் சேர்க்கை சரி என்று கைநூலில் பாருங்கள். இதில் மனப்பாடம் குறைவு. ஸ்டூடியோ வேலைதான் முக்கியம். ஒரு சிறு நகரத்தைக் கொடுப்பார்கள். அச்சடித்த வரைபடத்தோடு தெருத்தெருவாக நடந்து, வீடு, கடை, பாடசாலை, வயல், வெறுங்காணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தீட்ட வேண்டும். சந்தியில் நின்று எந்த வாகனம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எண்ண வேண்டும். பிறகு அந்த நகரம் இருபது வருடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து, விரிவுரையாளர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அங்கே கேள்வி கடுமையாக இருக்கும்.

அந்த இடத்தில்தான் வன்னிப் பிள்ளைக்கு ஒரு பலம் இருக்கிறது. குளக்கட்டுக்குக் கீழே வயல், கட்டை அண்டிய மேட்டில் குடியிருப்பு, வான் பாய்கிற (குளம் நிரம்பி மிகுதி நீர் வழிகிற) வழியில் வீடு கட்டக் கூடாது, ஒரு குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும், வயலுக்கு நீர் விடுகிற துருசு திறக்கிற நாளை எல்லோரும் கூடித் தீர்மானிப்பார்கள். இதெல்லாம் எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நகரத்தில் வளர்ந்த பிள்ளை இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டும். "நீங்கள் போட்ட இந்த வீதி மழைத் தண்ணீரை எங்கே விடப் போகிறது?" என்று ஸ்டூடியோவில் கேட்டார்கள். எங்கள் ஊர்க் குளத்தை நினைத்துத்தான் பதில் சொன்னேன். 2009க்குப் பிறகு மீள்குடியேறிய ஊர்களில் வீதியும் சந்தையும் பேருந்து நிலையமும் எங்கே வர வேண்டும் என்று தீர்மானிக்கிற மேசைகளில் எங்கள் ஊரைத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் இந்தப் பாடநெறியை எழுதுவதில் நான் கொஞ்சம் பக்கச்சார்புதான்.

பொறியியல். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் அறிவியல் நகரில், ஏ9 வீதியோரமாக இருக்கின்றன. இங்கே பெற்றோர் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படித்தவர்கள் போவது தொழினுட்ப பீடத்துக்கு. அது பொறியியல் பீடம் அல்ல, பட்டமும் வேறு. இரண்டும் நல்லவைதான், ஆனால் எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

பொறியியலில் முதலில் கணிதம்தான் அதிகம். இயந்திரத்தையும் பாலத்தையும் நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அங்கேதான் சோர்ந்து போகிறார்கள். கைவேலை பிறகு வரும். என் நண்பன் கொங்கிறீற் சோதனையைப் பற்றி மணிக்கணக்காகச் சொல்வான்: 150 மில்லிமீற்றர் அச்சில் கலவையைப் படை படையாகப் போட்டு, தண்டால் குத்தி இறுக்கி, அடுத்த நாள் அச்சைக் கழற்றித் தண்ணீரில் போடுவார்கள். 7ஆம் நாளும் 28ஆம் நாளும் எடுத்து இயந்திரத்தில் அழுத்தி உடைப்பார்கள். எத்தனை கிலோநியூட்டனில் உடைந்தது என்பதை எழுதி, ஏன் அப்படி உடைந்தது என்று அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த 'ஏன்' எழுதுவதில் உங்களுக்கு விருப்பம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் பொறியியல் உங்களுக்குச் சரி.

விஞ்ஞானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுப் பட்டம் மூன்று வருடம், 90 திறமைப் புள்ளி (கிரெடிட்). சிறப்புப் பட்டம் நான்கு வருடம், 120. நான்காம் வருடத்துக்குப் போவது பெரும்பாலும் ஆரம்ப வருடப் பெறுபேற்றில்தான் தங்கியிருக்கிறது. "முதல் வருடம்தானே" என்று விட்டவர்கள் அந்த இடத்தில் அடிபடுகிறார்கள். ஆய்வு, மேற்படிப்பு என்று யோசிப்பவர்கள் தொடக்கத்திலேயே ஜி.பி.ஏயை, அதாவது பாடங்களின் சராசரிப் பெறுபேற்றை, கவனியுங்கள்.

வணிகம். கணிதம், விஞ்ஞானம் கிடைக்காதவர்கள் போகிற இடம் என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமாக ஆனது. அதன் வியாபாரக் கற்கைகள் பீடத்தில் படித்த தோழி ஒருத்தி ஒரு ஒப்படைக்காக ஒரு ஏக்கர் பெரும்போக நெல்லின் செலவைக் கணக்கிட்டாள். உழவு, விதைநெல், பசளை, மருந்து, வெட்டு மெசின் எல்லாம் சேர்த்தால் இலாபம் நன்றாகத் தெரிந்தது. பிறகு விரிவுரையாளர் கேட்டாராம், அப்பாவும் அம்மாவும் வயலில் நின்ற நாட்களுக்கும், குத்தகைக்குக் கொடுத்திருந்தால் வந்திருக்கும் காசுக்கும் கணக்கு எங்கே என்று. அதையும் சேர்த்தவுடன் இலாபம் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. தன் வீட்டை அப்படிக் கணக்காகப் பார்த்தது அன்றுதான் முதல் தரம் என்று சொன்னாள். இப்படிப் பார்க்கப் பழக வேண்டும் என்று ஆசை உள்ளவர்கள் இந்தப் பாடநெறிக்குத் தைரியமாகப் போகலாம். பட்டத்தோடு பட்டயக் கணக்காளர் பரீட்சையையும் தொடங்கினால் வேலைக்கு நல்லது. இரண்டையும் சேர்த்து இழுப்பது கஷ்டம், ஆனால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மேலே சொன்ன பாடநெறிகளில் எது என்றாலும் எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பது ஆங்கிலம். இவற்றில் விரிவுரையும் வினாத்தாளும் ஆங்கிலத்தில்தான். பாடம் தெரிந்த பிள்ளை கேள்வி விளங்காமல் எழுதாமல் விட்டுவருவதைப் பார்க்க வயிறு எரியும். இதற்கு நான் கண்ட நல்ல வழி ஒன்று இருக்கிறது. உயர்தரக் கடந்தகால வினாத்தாள்கள் ஆங்கில மொழிமூலத்திலும் இருக்கின்றன. நீங்கள் தமிழில் செய்து கைபழகிய அதே கேள்விகளை, பெறுபேறுக்கும் அனுமதிக்கும் இடையில் கிடைக்கிற நீண்ட ஓய்வில், ஆங்கிலத்தில் எடுத்துச் செய்யுங்கள். விடை ஏற்கனவே தெரியும் என்பதால் மொழி மட்டும்தான் புதிது. ஒரு நாளைக்கு ஒரு கட்டமைப்பு வினா போதும். முழு வசனமாக எழுதுங்கள். பிழை வந்தால் வரட்டும். ஸ்போக்கன் வகுப்புக்குக் காசு கட்டுவதை விட இது பாடத்துக்கு நேராக உதவும்.

மகாபொல புலமைப்பரிசிலுக்கும் பேர்சரி உதவிப்பணத்துக்கும் வருமானச் சான்றிதழ் தேவைப்படும். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் நாட்கள் போகும், கடைசிக் கிழமைக்கு விட வேண்டாம். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பொறுத்துக்கொள் என்று சொல்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பொறுக்க வேண்டாம், வீட்டுக்கும் பீடத்துக்கும் சொல்லுங்கள்.

வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவர்களுக்கும் ஒரு சொல். அறிவியல் நகரிலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) மட்டத்தில் தொழில் படிக்கலாம். என்.வி.கியூ 5 முடித்தவர்கள் இரத்மலானையில் உள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. திறந்த பல்கலைக்கழகம் இசட் புள்ளி கேட்பதில்லை. கட்டணம் உண்டு, வேலை செய்துகொண்டே படிக்கலாம், பொறியியல் பட்டம்கூட அங்கே இருக்கிறது. இவற்றின் விண்ணப்பத் திகதிகள் பல்கலைக்கழக அனுமதியோடு சேர்ந்து வராது. அந்த முடிவு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே விசாரித்து வையுங்கள்.